495 பந்தயம், 1 வெற்றி: வெண்டல் ஸ்காட்டுக்கு அந்த மண்டபத்தில் என்ன வேலை?

2 பிப்ரவரி 2024 – இழையைத் தொடங்கிய கேள்வி

அமெரிக்காவின் நாஸ்கார் கார் பந்தய அமைப்பின் ஹால் ஆஃப் ஃபேம் (புகழ் மண்டபம்) பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெண்டல் ஸ்காட் என்று ஒருவர் பெயர் இருக்கிறது. 495 பந்தயம் ஓடி ஒன்றே ஒன்றில்தான் ஜெயித்திருக்கிறார். ரிச்சர்ட் பெட்டி 200 ஜெயித்தவர். இரண்டு பேரும் ஒரே மண்டபத்திலா? கறுப்பினத்தவர் என்ற அனுதாபத்தில் கொடுத்தது போலத்தான் எனக்குத் தெரிகிறது. தப்பு என்றால் சொல்லுங்கள்.

2 பிப்ரவரி, இரவு 11.40

தப்புதான் தம்பி. முதலில் ஒரு கணக்கைப் பார். 495 பந்தயத்தில் 147 முறை முதல் பத்து இடத்துக்குள் முடித்திருக்கிறார், அதில் 20 முறை முதல் ஐந்துக்குள். பத்து பந்தயத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று. பெரிய கம்பெனி ஒன்று காரும் இன்ஜினும் கொடுத்து, சம்பளமும் கொடுத்து ஓட்டச் சொன்ன ஆளாக இருந்தால் இது சுமாரான கணக்கு. ஸ்காட் விஷயத்தில் கார் அவருடையது, இன்ஜினைப் பிரித்து மாட்டுவது அவர், பந்தயத் தடம் வரைக்கும் காரைக் கட்டி இழுத்துப் போகும் வண்டிக்கு டிரைவரும் அவரே. பந்தயத்தின் நடுவில் டயர் மாற்றி, பெட்ரோல் ஊற்றும் பிட்டில் நின்றவர்கள் அவருடைய மகன்கள். பழைய கார், வேறு அணிகள் ஓட்டித் தள்ளிய உதிரிகள்.

நான் 1990களின் பின்பாதியில் இருங்காட்டுக்கோட்டையில், தன் சொந்தக் காசில் கார் ஓட்டிய ஒருவருக்கு ஹெல்பராக இருந்தவன். வார நாளெல்லாம் ஒர்க்‌ஷாப், சனி ஞாயிறு பந்தயம். ஒரு கியர் பாக்ஸுக்காகப் புதுப்பேட்டை காயலான் கடைகளில் இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். தனியாக ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்த நிமிடத்திலிருந்து ஒரே நினைப்புதான்: இன்ஜின் போனால் அடுத்த பந்தயம் கிடையாது. கடைசி மூன்று சுற்றில் முன்னால் இருப்பவனைப் பிடித்துவிடலாம் என்று தெரிந்தும் ஆர்பிஎம்மைக் குறைத்து ஓட்டச் சொல்லிப் பலகை காட்டியிருக்கிறோம். அப்படி ஓட்டுகிறவரை வெற்றி எண்ணிக்கையால் அளக்கக் கூடாது. ஸ்காட் 13 வருடம் அப்படி ஓட்டினார். எனக்கு அதுதான் அவருடைய வாழ்க்கை. அந்த ஒரு வெற்றி அதில் நடந்த ஒரு நாள்.

3 பிப்ரவரி, காலை

அவர் யார், எங்கிருந்து வந்தார் என்று கேட்டிருக்கிறார்கள், அதை நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

1921 ஆகஸ்ட் 29, வர்ஜீனியா மாநிலத்தில் டேன்வில் என்ற ஊர். பஞ்சாலையும் புகையிலையும்தான் அந்த ஊரின் பிழைப்பு. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்களின் கடைசித் தலைநகராகச் சில நாள் இருந்த ஊர் என்பதால் அந்தப் பெருமையை ரொம்ப காலம் சுமந்துகொண்டிருந்தது. அப்பா வசதியான வெள்ளைக் குடும்பங்களுக்கு டிரைவராகவும் மெக்கானிக்காகவும் வேலை பார்த்தவர். கார் வேலையை மகன் கற்றது அவரிடம். பஞ்சாலையில் இன்னொருவன் மணியடித்தால் போய் நிற்கும் பிழைப்பு வேண்டாம் என்பதில் ஸ்காட் சின்ன வயதிலேயே உறுதியாக இருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டார், டாக்சி ஓட்டினார், இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார், அங்கும் வண்டி வேலைதான். திரும்பி வந்து சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார்.

ஒர்க்‌ஷாப் வருமானம் போதவில்லை. ராத்திரியில் கள்ளச்சாராயம் கடத்தினார். இதை மறைக்க வேண்டியதில்லை, அவரே மறைக்கவில்லை. போலீஸ் பல முறை துரத்தி ஒரே ஒரு முறைதான் பிடித்தது, 1949இல். மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள்.

1952இல் டேன்வில் மைதானத்தில் பந்தயம் நடத்தியவர்களுக்குக் கூட்டம் சேரவில்லை. ஒரு கறுப்பின ஓட்டுநரை இறக்கினால் வேடிக்கை பார்க்க ஜனம் வரும் என்று கணக்குப் போட்டு, ஊர் போலீஸிடமே போய் நன்றாக ஓட்டும் ஆள் யார் என்று கேட்டார்கள். யாரைத் துரத்திப் பிடிக்க முடியாமல் தவித்தார்களோ அவர் பெயரையே போலீஸ் சொன்னது. அதுவரை அவர் அந்த மைதானத்தில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய பகுதியில் உட்கார்ந்து பந்தயம் பார்த்தவர்.

3 பிப்ரவரி, மதியம்

காலையில் விட்டுப்போனது. அந்த முதல் பந்தயம் முடிந்த மறுநாளே காரைச் சரிசெய்து, கட்டி இழுத்துக்கொண்டு வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலத்தில் நடந்த நாஸ்கார் பந்தயத்துக்குப் போயிருக்கிறார். கறுப்பினத்தவருக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சில நாள் கழித்து ஹை பாயிண்ட் ஊரிலும் அதே பதில். அதனால் நாஸ்காரில் சேராத சின்னச் சின்னப் பந்தயங்களில் ஓட ஆரம்பித்தார். லிஞ்ச்பர்க்கில் முதல் வெற்றி கிடைத்தபோது அவர் பந்தயத்துக்கு வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

இழுத்துவந்த காரை அவிழ்க்காமல், எண்ணெய்கூடப் படாமல், வந்த வழியே திரும்ப இழுத்துப் போவது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். நாங்கள் ஒரு தடவை காகிதம் ஒன்று குறைந்ததால் திரும்பினோம், அவ்வளவுதான், அதற்கே ஊர் வந்து சேரும்வரை வண்டியில் யாரும் வாய் திறக்கவில்லை. அவர் திரும்பியது தோலின் நிறத்துக்காக. இரண்டையும் ஒப்பிட முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

4 பிப்ரவரி

சாராயக் கடத்தலுக்கும் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி, கொஞ்சம் தடம் மாறிப் போகிறேன்.

ஸ்டாக் கார் என்றால் கடையில் விற்கும் கார். அதை வெளியே பார்த்தால் சாதாரணமாகத் தெரிய வேண்டும், உள்ளே வேகம் இருக்க வேண்டும். சாராயம் ஏற்றுகிறவனுக்கும் இதே தேவைதான். பின்னால் நூறு காலன் ஏற்றினால் கார் வால் தாழ்ந்து நிற்கும், எந்தப் போலீஸ்காரனும் கண்டுபிடித்துவிடுவான். அதனால் பின் ஸ்பிரிங்கை விறைப்பாக்குவார்கள். நம் ஊரில் லோடு வண்டிக்கு எக்ஸ்ட்ரா பட்டை போடுவோமே, அதே வேலை. அப்படிச் செய்த கார் வளைவில் சாயாது, மண் தடத்தில் அபாரமாக ஓடும்.

1949 ஜூன் 19இல் சார்லட்டில் நடந்த பந்தயத்தை நாஸ்காரின் முதல் ஸ்டாக் கார் சாம்பியன்ஷிப் பந்தயமாகச் சொல்வார்கள். அதில் முதலில் வந்தவர் க்ளென் டனவே. பந்தயம் முடிந்து காரைப் பார்த்தால் பின் ஸ்பிரிங்கில் வேலை நடந்திருக்கிறது. தகுதி நீக்கம் செய்து ஜிம் ரோப்பருக்கு வெற்றியைக் கொடுத்தார்கள். ஆக முதல் பந்தயத்திலேயே முதலில் கோட்டைத் தாண்டியது சாராய வண்டிதான்.

ஜூனியர் ஜான்சன் 50 பந்தயம் ஜெயித்தவர். 1956இல் அப்பாவின் சாராய அடுப்படியில் பிடிபட்டுப் பதினொரு மாதம் சிறையில் இருந்தார். 1986இல் ஜனாதிபதி ரீகன் மன்னிப்பு கொடுத்தார். ஹால் ஆஃப் ஃபேமின் முதல் வரிசையிலேயே, 2010இல், அவர் பெயர் இருக்கிறது. எனக்கு அவரும் பிடிக்கும், அவர் ஓட்டிய விதம் அப்படி. ஆனால் தம்பி, அவருடைய பெயரைப் பார்த்து யாரும் அனுதாபமா என்று கேட்பதில்லை. ஒரே மலை, ஒரே சாராயம், ஒரே போலீஸ்.

5 பிப்ரவரி

சரி, அந்த வெற்றிக்கு வருகிறேன். எல்லோரும் அதைத்தான் கேட்கிறீர்கள்.

1963 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபுளோரிடா மாநிலம் ஜாக்சன்வில். அரை மைல் மண் தடம், 200 சுற்று, மொத்தம் 160 கிலோமீட்டர். ஸ்காட்டின் கார் 34ஆம் எண் ஷெவர்லே பெல் ஏர், சக ஓட்டுநர் நெட் ஜாரெட் கொடுத்தது. முன்னால் போய்க்கொண்டிருந்த ரிச்சர்ட் பெட்டியின் காரில் கோளாறு, வேகம் குறைந்தது. இன்னும் 25 சுற்று இருக்கும்போது ஸ்காட் அவரைத் தாண்டினார். அப்புறம் யாரும் அவரைப் பிடிக்கவில்லை.

200 சுற்று முடிந்தது. பந்தயம் முடிந்ததைக் காட்டும் கட்டம் போட்ட கொடி அசையவில்லை. இன்னொரு சுற்று ஓட்டினார், அப்போதும் இல்லை. இன்னொன்று. கடைசியில் கொடி விழுந்தது பக் பேக்கர் என்ற இன்னொரு ஓட்டுநருக்கு. கோப்பையும் பேக்கர் கையில். உண்மையில் ஸ்காட் அவரைவிட இரண்டு சுற்று முன்னால். ஸ்காட் ஆட்சேபித்தார். சில மணி நேரம் கழித்து, கூட்டம் எல்லாம் கலைந்து போன பிறகு, எண்ணிக்கையில் தவறு நடந்துவிட்டது, ஜெயித்தது ஸ்காட்தான் என்று அறிவித்தார்கள். பரிசுப் பணம் 1000 டாலர் வந்தது. கோப்பை வரவில்லை, பேக்கர் அதோடு ஊருக்குப் போயிருந்தார்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர், டிரான்ஸ்பாண்டர் (கார் கோட்டைத் தாண்டுவதைத் தானாகக் குறிக்கும் கருவி) எதுவும் கிடையாது. கார் கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒருவர் கையால் குறிக்க வேண்டும். அதனால் இது நேர்மையான தவறாகவும் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. நானே பிட்டில் பென்சிலும் அட்டையும் வைத்துச் சுற்று எண்ணியவன். பக்கத்தில் ஒருவர் பேசினால் போதும், ஒரு கோடு விட்டுப்போகும்.

5 பிப்ரவரி, இரவு

நேர்மையான தவறு என்று எழுதியதற்கு இரண்டு பேர் கோபமாகப் பதில் போட்டிருக்கிறார்கள். யோசித்துவிட்டு எழுதுகிறேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் இப்போதே: நெட் ஜாரெட் அந்தக் காரைக் கொடுக்கவில்லை, விற்றார். ஸ்காட் காசு கொடுத்து வாங்கினார். இந்த வித்தியாசம் முக்கியம், அவரைப் பற்றிப் பேசும்போது யாரோ தூக்கிக் கொடுத்தார்கள் என்ற தொனி வந்துவிடக் கூடாது.

9 பிப்ரவரி

நான்கு நாளாக இதேதான் மண்டையில். என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பாதியையாவது.

சுற்று எண்ணுவதில் தவறு அந்தக் காலத்தில் நிறைய நடந்தது உண்மை. 1959இல் முதல் டேடோனா 500, நாஸ்காரின் மிகப் பெரிய பந்தயம். ஜானி போசாம்ப் ஜெயித்ததாக அறிவித்து, அப்புறம் படங்களையெல்லாம் பார்த்து, மூன்று நாள் கழித்து லீ பெட்டிதான் வெற்றியாளர் என்று மாற்றினார்கள். அதே வருடம் அட்லான்டாவின் லேக்வுட்டில் இன்னும் வேடிக்கை. ரிச்சர்ட் பெட்டி தன் முதல் வெற்றி என்று நினைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவருடைய அப்பா லீ பெட்டியே ஆட்சேபம் எழுப்பி, எண்ணிப் பார்க்கச் செய்து, வெற்றியை மகனிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆக, தவறு சகஜம், திருத்துவதும் சகஜம்.

ஆனால் என் சொந்த அனுபவம் ஒன்றை வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. 1998 என்று நினைவு. ஒரு பந்தயத்தில் எங்கள் காருக்கு ஒரு சுற்றைக் குறைத்து எழுதிவிட்டார்கள். மூன்றாவது வந்தவர் ஐந்தாவதாகப் போனார். என் அட்டையை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் தாளையும் என் தாளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள், தப்பு அவர்கள் பக்கம். ஒத்துக்கொண்டார்கள். கோப்பையை ஏற்கெனவே வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. பதினைந்தே நாளில் பார்சலில் இன்னொரு கோப்பை வந்தது, கூடவே வருத்தம் தெரிவித்து நாலு வரி. கையில் காசே இல்லாத சின்ன அமைப்பு அது.

அதனால் இப்போது இப்படிப் பிரித்துப் பார்க்கிறேன். கோடு விட்டுப்போனது தவறாக இருக்கலாம். இரண்டு சுற்று விட்டுப்போவது கொஞ்சம் கடினம், ஆனாலும் இருக்கலாம். கூட்டம் போகும்வரை திருத்தம் வராமல் இருந்தது தவறாக எனக்குத் தெரியவில்லை. ஜெயித்தவருக்கு அழகிப் பட்டம் வாங்கிய பெண் முத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுப்பினத்தவருக்கு முத்தம் கொடுப்பதை அந்தக் கூட்டத்தின் முன்னால் நடத்த அவர்களுக்குத் துணிவில்லை என்றே ஸ்காட் பிற்காலத்திலும் சொன்னார். அவர் அங்கே இருந்தவர், நான் இல்லை. அவர் பேச்சை எடுத்துக்கொள்கிறேன்.

கோப்பை வராமல் போனதற்குப் பென்சிலும் அட்டையும் காரணம் இல்லை. அதற்குச் சாக்கே கிடையாது.

10 பிப்ரவரி

அது எந்த வருடம் என்று பார்க்க வேண்டும். 1963 ஜூன் 10 அன்று அவர் சொந்த ஊரான டேன்வில்லில் உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பின மக்களைத் தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி, தடியால் அடித்தார்கள். ஆகஸ்ட் 28இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங்கின் பேரணி. நவம்பர் 22இல் கென்னடி சுடப்பட்டார். ஒன்பது நாள் கழித்து ஜாக்சன்வில் பந்தயம். உணவகத்திலும் விடுதியிலும் நிறம் பார்த்து விரட்டுவதைத் தடுத்த சிவில் உரிமைச் சட்டம் வந்தது அதற்கு ஏழு மாதம் கழித்து, 1964 ஜூலையில்.

ஒவ்வொரு வாரமும் நூற்றுக்கணக்கான மைல் காரை இழுத்துக்கொண்டு தென் மாநிலங்களில் போகிற ஆள், வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே படுப்பது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருந்தது. மற்ற ஓட்டுநர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

10 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

"புள்ளிப் பட்டியலில் அந்த வெற்றி 1964 கணக்கில் இருக்கிறதே, நீங்கள் 1963 என்கிறீர்களே" என்று கேட்டவருக்கு: இரண்டும் சரி. 1964 சீசன் 1963 நவம்பரிலேயே தொடங்கிவிட்டது. அந்த சீசனில் 62 பந்தயம். ஆமாம், அறுபத்து இரண்டு. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊர். இப்போது வருடத்துக்கு 36தான். புதன்கிழமை ராத்திரி ஓடிய இன்ஜினை வெள்ளிக்கிழமைக்குள் பிரித்து மாட்டி, இருநூறு மைல் தள்ளி இன்னொரு தடத்தில் இறக்குவதை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்போதும் முதுகு வலிக்கிறது.

12 பிப்ரவரி

தம்பி திரும்ப வந்திருக்கிறார். "சரி, கஷ்டப்பட்டார், ஒத்துக்கொள்கிறேன். கஷ்டப்பட்டதற்காக ஹால் ஆஃப் ஃபேமா?" நேர்மையான கேள்வி, எனக்குப் பிடித்திருக்கிறது.

1961 மார்ச்சில் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க்கில் நாஸ்காரின் உயர் பிரிவில் முதல் பந்தயம். அப்போதே வயது 39. அதற்கு முன்னால் 1959இல் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்போர்ட்ஸ்மன் என்ற கீழ்ப் பிரிவுச் சாம்பியன். 1966இல், 49 பந்தயம் கொண்ட சீசனில், புள்ளிப் பட்டியலில் 6ஆவது இடம். வருடம் முழுக்க ஓடிய அத்தனை பேரிலும் ஆறாவது. ஃபோர்டும் கிரைஸ்லரும் பணத்தைக் கொட்டிய காலம் அது. ஒருவர் தன் வீட்டுக்குப் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் மகன்களை வைத்துக்கொண்டு அந்த இடத்துக்கு வந்திருக்கிறார். அதற்கடுத்த மூன்று வருடமும் முதல் பத்துக்குள். இது கஷ்டத்துக்குக் கொடுத்த மதிப்பெண் இல்லை, ஓட்டியதற்கு வந்தது.

எனக்கு ஜே.டி. மெக்டஃபியும் நினைவுக்கு வருகிறார். 653 பந்தயம், ஒரு வெற்றிகூட இல்லை. அவரும் சொந்தக் காரைச் சொந்தக் கையால் கட்டியவர். 1991 ஆகஸ்டில் வாட்கின்ஸ் க்ளென்னில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். ஜெயிக்கிற கார் பத்து என்றால் அதோடு ஓடுகிற கார் முப்பது. அந்த முப்பது பேர் வராவிட்டால் பந்தயமே நடக்காது. பட்டியல் போடுகிறவர்கள் இவர்களை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆதங்கம் உண்டு, நான் அந்த முப்பதில் ஒருவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன்.

13 பிப்ரவரி

நம் ஊர்க்காரர் யாராவது நாஸ்காரில் ஓட்டியிருக்கிறார்களா என்று ஒருவர் கேட்டார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஓட்டியிருக்கிறார், 2010இல், பிக்கப் டிரக்குகள் ஓடும் டிரக் பிரிவில். ஃபார்முலா 1 ஓட்டிவிட்டு அங்கே போனார். முதல் பந்தயம் மார்ட்டின்ஸ்வில்லில், 13ஆவது இடம். அந்த வருடம் டிரக் பிரிவில் ரசிகர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த மிகப் பிரபலமான ஓட்டுநரும் அவர்தான். கோயம்புத்தூரில் எத்தனை பேர் உட்கார்ந்து ஓட்டுப் போட்டோம் என்று இங்கேயே சிலருக்குத் தெரிந்திருக்கும்.

இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால் அந்த மார்ட்டின்ஸ்வில் இருப்பதும் வர்ஜீனியாவில்தான், ஸ்காட்டின் டேன்வில்லிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் பக்கம். 2013இல் பப்பா வாலஸ் அங்கேதான் டிரக் பிரிவில் ஜெயித்தார். ஸ்காட்டுக்குப் பிறகு நாஸ்காரின் தேசியப் பிரிவு ஒன்றில் கறுப்பின ஓட்டுநர் ஜெயிக்க ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது. அடுத்த வருடம் அதே தடத்தில் ஸ்காட்டின் நினைவாக 34ஆம் எண்ணை டிரக்கில் எழுதிக்கொண்டு ஓடினார், அதிலும் ஜெயித்தார். உயர் பிரிவில் வாலஸின் முதல் வெற்றி 2021 அக்டோபர் 4, டாலடேகாவில்.

14 பிப்ரவரி

கோப்பை என்ன ஆனது என்று கேட்கிறார்கள். ஜாக்சன்வில் பந்தயத்துக்குப் பிறகு ஸ்காட்டுக்கு ஒரு சாதாரண மரக் கோப்பையைக் கொடுத்தார்கள். முறையான வெற்றிக் கோப்பை 2021 ஆகஸ்ட் 28 அன்று டேடோனாவில் அவர் குடும்பத்தின் கையில் கொடுக்கப்பட்டது. மறுநாள் அவருடைய நூறாவது பிறந்தநாள். அவர் 1990 டிசம்பர் 23இல் முதுகுத்தண்டுப் புற்றுநோயால் இறந்துவிட்டார், 69 வயது. ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது 2015 ஜனவரியில்.

ஜெயித்த நாளிலிருந்து கோப்பை வரைக்கும் 57 வருடம், ஒன்பது மாதம். எங்களுக்குப் பதினைந்து நாள் ஆனது.

20 பிப்ரவரி

டேடோனா 500 மழையால் ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது, நமக்கு விடிகாலையில் முடிந்தது. வில்லியம் பைரன் ஜெயித்தார். என் கண் முழுக்க 34ஆம் எண் மீதுதான், மைக்கேல் மெக்டவல் முதல் வரிசையில் தொடங்கினார். 2021இல் அதே எண்ணில் அவர் டேடோனா 500 ஜெயித்தவர். ஸ்காட்டின் அணிக்கும் இப்போதைய அணிக்கும் தொடர்பு கிடையாது, எண் மட்டும்தான். ஆனாலும் அந்த எண் முன்னால் போகும்போது எனக்கு நன்றாக இருக்கிறது.

இந்த இழையைத் தொடங்கிய தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தாராம், செய்தி அனுப்பியிருந்தார்.

2 மார்ச்

எப்படி முடிந்தது அவர் ஓட்டம் என்று யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

1973 மே மாதம், டாலடேகா. நான்கு கிலோமீட்டருக்கும் அதிகமான பெரிய தடம், வேகமும் அப்படி. ஒன்பதாவது, பத்தாவது சுற்றிலேயே ஒரு காரின் இன்ஜின் வெடித்து எண்ணெய் கொட்டியது. பின்னால் வந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர். 21 கார்கள். ஸ்காட்டுக்கு விலா எலும்புகளும் இடுப்பெலும்பும் முறிந்தன. 51 வயது. மெர்குரி கார் இரும்புக் குவியலாகிவிட்டது. தான் வைத்திருந்ததிலேயே நல்ல காரை அன்றைக்குத்தான் அவர் இழந்தார். அதோடு ஓட்டம் நின்றது.

மீண்டும் ஒர்க்‌ஷாப். டேன்வில்லில் ஊர்க்காரர்களின் கார்களைச் சரிசெய்தார். இப்போது அந்த ஊரில் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.

3 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு வரி தப்பு. "அதோடு ஓட்டம் நின்றது" என்றது சரியில்லை. டாலடேகா அவருடைய 494ஆவது பந்தயம்.

அதே வருடம் அக்டோபரில், ஐந்து மாதம் கழித்து, 52 வயதில், சார்லட்டில் இன்னொரு முறை காரில் ஏறினார். 500 மைல் பந்தயம், நம் கணக்கில் 800 கிலோமீட்டர். எலும்பு கூடியிருக்கும், அவ்வளவுதான் இருந்திருக்கும். 12ஆவதாக முடித்தார்.